அடைக்கோழியும் முட்டைக் கழகமும்: தென்திருவிதாங்கூர்க் கோழி வளர்ப்புச் சீர்திருத்தம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கோழி வளர்ப்பு பற்றிய அறிவுரைக் கையேடு எதைப் புரட்டினாலும், எங்கேனும் ஓரிடத்தில் அடைக்கோழியைப் பற்றிய குறை வந்தே தீரும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் நாட்டுக்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறது, அதன்பின் முட்டையும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. நீரில் முக்கி எடுப்பது, மூக்குத் துளையில் இறகைச் செருகுவது, வெளிச்சமும் காற்றும் புகும் கூண்டில் தனித்து அடைப்பது என்று அடையைத் தெளியவைக்கும் வழிகள் தமிழிலும் மலையாளத்திலும் ஏறத்தாழ ஒன்றே. இரு மொழிகளிலும் சொல்லும் ஒன்றே: இங்கே அடை, அங்கே அட. கையேட்டின் பார்வையில் அடை என்பது நேர விரயம். வளர்ப்பவள் பார்வையில் அதுவே கோழி வளர்ப்பின் மையம். இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையிலான இழுபறியாகத் திருவனந்தபுரத்தையும் அதன் தெற்கையும் சேர்ந்த கடந்த நூறாண்டுக் கோழி வளர்ப்பு வரலாற்றைப் படிக்க முடியும்.

முதலில் கணக்கு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஐம்பது முதல் அறுபது முட்டை இடும் என்பது பாடநூல்கள் யாவும் தரும் எண். இந்த எண் கோழியின் சோம்பலைக் காட்டுவதாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அந்த ஆண்டு எப்படிக் கழிகிறது என்று பார்த்தால் வேறொன்று புலப்படும். ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இட ஏறத்தாழ மூன்று வாரம், அடையில் 21 நாள், குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்பவைத்து மேய்த்துத் திரிய இரண்டு மாதமோ அதற்கு மேலோ. ஒரு சுற்று முடிய மூன்றரை மாதம் ஆகிறது. ஆண்டுக்கு மூன்று சுற்றுகளும் கொஞ்சமும் நடக்கும். மொத்தம் ஐம்பது முட்டை. அதாவது நாட்டுக்கோழியின் ஆண்டில் பெரும்பகுதி முட்டையிடுவதில் அல்ல, குஞ்சு பொரிப்பதிலும் வளர்ப்பதிலும் செலவாகிறது. இன்று மின்சாரப் பொரிப்பானும் வெப்பக் கூண்டும் செய்யும் வேலையை அது கூலியின்றிச் செய்துவந்தது. தீவனச் செலவு அரிசி நொய்யும் மரவள்ளித் தோலும் புழுபூச்சியும். வீட்டுப்பெண்ணின் கையில் தனியே புழங்கிய சில்லறைக்கு அதுவே ஊற்று. இந்த ஏற்பாட்டில் முட்டை என்பது விளைபொருள் மட்டும் அன்று, விதையும் அதுவே.

இந்த ஏற்பாட்டுக்குள் சீர்திருத்தம் நுழைந்த இடம் மார்த்தாண்டம். தொடுவெட்டி என்ற பழம்பெயரும் உடைய இந்தச் சந்தையூர் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 35–40 கிலோமீட்டர் தொலைவில், அன்றைய திருவிதாங்கூர் அரசின் விளவங்கோடு வட்டத்தில் இருந்தது. 1920-களின் முற்பாதியில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராமப் புனரமைப்பு மையம் உருவாயிற்று. அதை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். ஆனால் ஒய்.எம்.சி.ஏ.யை நகரத்து இளைஞர் விடுதியிலிருந்து கிராமத்துக்குத் திருப்பிய சிந்தனை சேலத்தில் பிறந்த கே. டி. பாலுடையது. 1916-இல் அவ்வமைப்பின் முதல் இந்தியப் பொதுச் செயலாளரான அவர், கூட்டுறவுக் கடனே கிராமப் பணியின் முதல் படி என்று கருதியவர். மார்த்தாண்டத்தைப் பற்றிய எழுத்துகளில் ஹாட்சின் பெயர் வரும் இடங்களில் பாலின் பெயர் அடிக்கடி விடுபட்டுப்போவது திருத்தப்படவேண்டிய குறை.

தாகூரும் எல்ம்ஹர்ஸ்டும் ஸ்ரீநிகேதனைத் தொடங்கியது 1922-இல். பஞ்சாபில் குர்கான் மாவட்ட ஆட்சியர் பிரெய்ன் தம் கிராம முன்னேற்ற இயக்கத்தை நடத்தியது அதே பத்தாண்டின் பிற்பகுதியில். இம்மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது பாடநூல் வழக்கம். மார்த்தாண்டத்துக்கு அதிலொரு தனித்தன்மை உண்டு. அதனிடம் அரச அதிகாரம் இல்லை, கவிஞரின் பெயரும் இல்லை. கையிலிருந்த பணமும் குறைவு. ஆகவே ஏற்கெனவே ஏழை வீடுகளில் இருந்த சிறு தொழில்களையே அது பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கோழி, தேனீ, பனைவெல்லம், நெசவு என்று அந்தப் பட்டியல் போகிறது. மைய வளாகத்தில் பொலிகாளையும் மாதிரித் தேன்கூடுகளும் உயர்வகைக் கோழிகளும் காட்சிக்கு இருந்தன. சுற்றுப்புற ஊர்க்காரர் வந்து பார்ப்பார்கள், விரும்பியதை வீட்டில் செய்து பார்ப்பார்கள். நெருங்கிய வல்லுநர் ஆலோசனையுடன் கூடிய சுயவுதவி என்பதே ஹாட்ச் வகுத்த கொள்கை. 1932-லும் 1938-லும் வெளிவந்த அவருடைய இரு நூல்கள் இந்த அனுபவத்தை விவரிக்கின்றன. அவை சீர்திருத்தக்காரரின் குரலில், ஆங்கில வாசகரைக் கருதி எழுதப்பட்டவை என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது. கோழியை வளர்த்த பெண்ணின் குரல் அவற்றில் கேட்பதில்லை.

கோழியைப் பொறுத்தவரை மையத்தின் வேலை இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று இனமேம்பாடு, மற்றொன்று விற்பனை. முதலாவதே கண்ணைக் கவர்ந்தது. இரண்டாவதே வருமானத்தை மாற்றும் வலிமை கொண்டிருந்தது.

இனமேம்பாட்டுக்கு அன்று உலகெங்கும் முன்னிறுத்தப்பட்ட பறவை வெள்ளை லெக்ஹார்ன். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கி, அமெரிக்காவில் முட்டைக்காகவே தேர்ந்து பெருக்கப்பட்ட இனம் அது. அது அடை உட்காருவதில்லை. உட்காரும் இயல்பு தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டப்பட்டதனால்தான் அது ஆண்டு முழுதும் இடுகிறது. அமெரிக்காவில் அந்த இழப்பை ஈடுசெய்ய இயந்திரம் இருந்தது. கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் 1879-இல் நம்பகமான பொரிப்பானை உருவாக்கிய பிறகு, லெக்ஹார்னும் பொரிப்பானும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. திருவிதாங்கூரில் பள்ளிவாசல் நீர்மின் திட்டமே 1940-இல்தான் வந்தது. அதற்கு முன்னும் அதற்குப் பின் நெடுநாளும் விளவங்கோட்டுக் குடிசையில் பொரிப்பான் என்பது அடைக்கோழியே.

எனவே நடைமுறையில் இணக்கம் ஒன்று தேவைப்பட்டது. உயர்வகைச் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்ப்பது, அல்லது உயர்வகை முட்டையை நாட்டுக்கோழியின் அடையில் வைப்பது. ஆண்டுதோறும் புதுச் சேவல் வந்தால் முதல் தலைமுறையில் பாதி, அடுத்ததில் முக்கால், அதற்கடுத்ததில் எட்டில் ஏழு பங்கு என்று அயலினக் குருதி ஏறும். முட்டை எண்ணிக்கையும் ஏறும். ஆனால் அதே வீதத்தில் அடையும் குறையும். மூன்றாம் தலைமுறைப் பெட்டை நிறைய இடும். அதன் முட்டையின் மேல் உட்காரப் பக்கத்து வீட்டு நாட்டுக்கோழியைத் தேட வேண்டும். எல்லா வீடும் சீர்திருந்திவிட்டால் உட்காருவது யார்? தென்னிந்தியாவிலும் வடஇந்தியாவிலும் கோழி மேம்பாட்டில் இறங்கிய மிஷன் பண்ணைகள் யாவும் எதிர்கொண்ட புதிர் இது. தீர்வு வெளியிலிருந்து தொடர்ந்து குஞ்சோ முட்டையோ சேவலோ வந்துகொண்டே இருப்பது. அதன் விளைவாகக் கோழிக்கூட்டத்தின் மறுபிறப்பு வீட்டை விட்டுப் பண்ணைக்குப் போயிற்று.

சேவலைப் பற்றி ஒரு சொல். சீர்திருத்த எழுத்துகளில் நாட்டுச் சேவல் வீண்செலவு. விற்றுவிடுக என்பதே அறிவுரை. தென்திருவிதாங்கூரில் சேவலுக்கு வேறு கணக்கும் இருந்தது. சுடலைமாடன் கோயில் கொடைகளில் சேவலே காணிக்கை. வீட்டில் நேர்ந்துவிட்ட சேவலை இன அட்டவணை பார்த்து விற்க முடியாது. மேற்கே கேரளத்தில் 1968-இல் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் வந்தது. கொடுங்கல்லூர்ப் பரணி விழாவில் பலி நின்றபின்னும் சடங்கின் பெயர் கோழிக்கல் மூடல் என்றே நிற்கிறது. சேவலை முட்டைத் தொழிலின் துணைக்கருவியாக மட்டும் பார்த்த அறிவுரை, இந்த நிலத்தில் ஏன் மெல்லவே எடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்க இது போதும்.

ஆயினும் சேவலைப் பிரிக்கச் சொன்ன அறிவுரைக்கு வலுவான அறிவியல் அடிப்படை இருந்தது. அங்கேதான் கதை விற்பனைக்குத் திரும்புகிறது. கரு ஏறிய முட்டை சுமார் 21 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் கிடைத்தால் மெல்ல வளரத் தொடங்கும். திருவனந்தபுரத்தில் இரவிலும் வெப்பம் அதற்குக் கீழ் இறங்குவது அரிது. ஆக இந்த ஊரில் கரு முட்டை கூடையில் இருக்கும்போதே பாதி விழித்துக்கொள்கிறது. சில நாளில் உள்ளே குருதி வளையம் தோன்றுகிறது, பிறகு கரு மடிந்து முட்டை கெடுகிறது. கருவில்லா முட்டை அதே வெப்பத்தில் பல நாள் கூடுதலாகத் தாங்கும். சேவலைப் பிரித்தபின்னும் இரண்டு மூன்று வாரம் வரை பெட்டையின் உடலில் விந்து உயிரோடிருக்கும். எனவே விற்பனைக்கு முட்டை சேர்ப்பவர் அந்தக் காலம் கழிந்த பிறகே அதைக் கருவற்றது என்று நம்பலாம். அடைக்கு வேண்டிய பருவத்தில் சேவல் கூட்டத்தோடு, மற்றப் பருவத்தில் தனியே. கோழிக்குக் கூடுதல் தீவனமோ புது இனமோ தேவைப்படாத, ஒரு காசும் செலவில்லாத மாற்றம் இது. இன்றும் வீட்டில் ஐந்தாறு கோழி வைத்து முட்டை விற்பவர்க்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு அதிகம் இல்லை.

செலவில்லாத மாற்றத்தை ஏன் ஊரார் தாமாகச் செய்யவில்லை என்று கேட்டால், விடை சந்தையில் இருக்கிறது. தெருத்தெருவாய் முட்டை வாங்கிச் செல்லும் வியாபாரி எந்த முட்டை நேற்றையது, எது பதினைந்து நாளையது என்று அறியான். கெட்டது எத்தனை இருக்கும் என்று ஊகித்து, அந்த இழப்பை எல்லா முட்டையின் விலையிலும் கழித்துக்கொள்வான். கூழ்முட்டையின் நட்டத்தை நல்ல முட்டை சுமக்கிறது. நல்ல முட்டை தருபவளுக்கும் அதே விலை என்றால் அவள் எதற்காகச் சேவலைக் கட்டிப்போட வேண்டும்? பழைய கார் விற்பனையை வைத்து ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிப் புகழ்பெற்ற பொருளியல் கட்டுரையின் சாரம் இதுவே. தொடுவெட்டிச் சந்தையில் முட்டை விற்ற பெண்களுக்கு அது முன்பே தெரிந்த செய்தி.

மார்த்தாண்ட மையத்தின் முட்டை விற்பனைக் கழகம் குறுக்கிட்ட இடம் இது. முட்டையை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்ப்பது, அளவு வாரியாகப் பிரிப்பது, பொறுப்பேற்று விற்பது, தரத்துக்கேற்ப விலை கொடுப்பது ஆகியன இத்தகைய கழகம் ஒன்றின் இன்றியமையாத பணிகள். ஒளிச் சோதனைக்கு இருட்டறையும் ஒரு துளையிட்ட பெட்டியும் விளக்கும் போதும். ஏழாம் நாளுக்குள் கரு முட்டையில் சிலந்திவலை போல நரம்போடுவது தெரியும், கருவற்றது தெளிவாக இருக்கும். இவ்வளவு எளிய கருவி, முட்டை கெட்டதா என்ற கேள்வியை வியாபாரியின் ஊகத்திலிருந்து எடுத்து இருதரப்பும் பார்க்கக்கூடிய உண்மையாக மாற்றிவிடுகிறது. சேவலைப் பிரித்தவளுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் ஏற்பாடு வந்தபின் அறிவுரைக்குத் தேவையே குறைகிறது. மையம் தொடங்கிய இந்தக் கழகம் 1939 வாக்கில் தன்னாட்சி கொண்ட கூட்டுறவுச் சங்கமாக வளர்ந்தது. மார்த்தாண்டத்தின் சாதனைகளில் உயர்வகைச் சேவலைவிட இந்தச் சங்கத்தை மேலாக வைக்க வேண்டும் என்று வாதிடலாம்.

ஆனால் இன்று மார்த்தாண்டம் என்றதும் நினைவுக்கு வருவது தேன். முட்டை அல்ல. ஒரே மையத்தில், ஒரே காலத்தில், ஒரே கொள்கையோடு பரவிய இரு தொழில்களில் ஒன்று மாவட்டத்தின் அடையாளமாயிற்று, மற்றது ஊர் நினைவிலிருந்து நழுவிற்று. காரணங்கள் பல இருக்கலாம். ஒன்றை மட்டும் இங்கே சுட்டலாம். தேனீ வளர்ப்பில் மாற்றப்பட்டது பெட்டி, தேனீ அல்ல. திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை நியூட்டன் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உள்ளூர்த் தேனீயின் அளவுக்கேற்ற மரப்பெட்டியை வடிவமைத்திருந்தார். பொந்திலும் பானையிலும் இருந்த அதே இந்தியத் தேனீ சட்டம் பொருத்திய பெட்டிக்கு இடம் மாறியது. அது தானே பிரிந்து புதுக் கூட்டமாகும். வளர்ப்பவர் ஆண்டுதோறும் எங்கிருந்தும் ராணியை வாங்க வேண்டியதில்லை. கோழியிலோ பறவையே மாற்றப்பட்டது. கூடும் சந்தையும் இரண்டாம் இடம் பெற்றன. இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. 1991–92-இல் தாய் சாக்புரூட் வைரசு கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது. உள்ளூர் இனம் என்பதனாலேயே பாதுகாப்பு வந்துவிடவில்லை. எஞ்சிய கூட்டங்கள் மீண்டும் பெருகியதற்கு மட்டும் அந்த இயல்பு உதவிற்று.

கோழிக்கு அத்தகைய ஊழி முன்னரே வந்துவிட்டது. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கண்டறியப்பட்ட நோய் 1927-இல் குமாவூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் தென்பட்டது. இந்தியாவில் அதன் பெயரே ராணிக்கேத் நோயாயிற்று. தமிழ் வழக்கில் வெள்ளைக்கழிச்சல். கழுத்துத் திருகி, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகும். இந்த நோய் வந்த பின் கோழி அறிவுரையின் இலக்கணமே மாறிற்று. அதுவரை வெளியிலிருந்து புதுக் குருதி கொண்டுவருவது நற்செயல். இனி வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பறவையும் ஐயத்துக்குரியது. இரண்டு மூன்று வாரம் தனியே வைத்த பிறகே கூட்டத்தில் விடலாம். சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பக் கொண்டுவந்த கோழியே பல வீடுகளில் நோயின் தூதாக இருந்திருக்கும். காட்சிக்கூடம், பரிசுக் கோழி, சேவல் பரிமாற்றம் என்ற மாதிரிப் பண்ணை முறை அதன் இயல்பிலேயே நோய்க்கு வழி திறப்பது என்பதை அக்காலத்தவர் அறிந்திருக்க வழியில்லை.

1940-களில் முக்தேசுவரில் உருவான தடுப்பூசி நிலைமையை மாற்றியது. அந்த வகை ஊசி எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கே பொருந்தும். இளங்குஞ்சுக்கு வீரியம் குறைந்த வேறு வகை, முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக. வீட்டுக்கோழி வளர்ப்பவர்க்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு, அது அறிவு சார்ந்ததன்று. மருந்துக் குப்பி நூறு இருநூறு கோழிக்கான அளவில் வருகிறது. குளிரில் வைத்துக் காக்க வேண்டும், கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவள் தனியே வாங்க முடியாது. தெரு முழுதும் ஒரே நாளில் கூடினால்தான் முடியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோ குழுவினர் வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்தை உருவாக்கியதும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனி உருண்டை வடிவில் வாய்வழி மருந்தைக் கொண்டுவந்ததும் இந்தச் சிக்கலைக் கருதியே. முட்டைக் கழகத்தைப் போலவே இங்கும் தடையாக இருந்தது வளர்ப்பவளின் அறியாமை அல்ல, தனியாளால் முடியாத ஒன்றுக்குக் கூட்டு ஏற்பாடு இல்லாமையே.

1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்த்தாண்டம் தமிழ்நாட்டின் ஊராயிற்று, அதன் திருவிதாங்கூர்க் கடந்தகாலம் எல்லைக்கு அப்பால் நின்றது. கேரளத்தின் கால்நடை அறிவியல் வரலாறு 1955-இல் மண்ணுத்தியில் தொடங்கிய கல்லூரியிலிருந்து எழுதப்படுகிறது. தமிழ்நாட்டினது 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்தும், பின்னர் நாமக்கல்லிலிருந்தும். இரண்டுக்கும் நடுவே மார்த்தாண்டத்தின் முட்டைக் கழகம் யாருடைய முன்வரலாறும் ஆகாமல் போயிற்று.

திருவனந்தபுரத்தில் பிற்காலத்து முயற்சிகள் அரசுடையவை. குடப்பனக்குன்று வட்டாரக் கோழிப்பண்ணை குஞ்சு பொரித்து வழங்கும் இடமாக விளங்குகிறது. 1989-இல் தோன்றிய கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகத்தின் தலைமையகம் நகரின் பேட்டையில் உள்ளது. கெப்கோ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இக்கழகம் மாடித் தோட்டம்போல் மாடிக் கோழிக்கூண்டுகளை நகரத்து வீடுகளுக்குக் கொண்டுசென்றது, பள்ளிப் பிள்ளைகளின் கையில் குஞ்சு கொடுத்தது. மண்ணுத்தியில் ஆஸ்ட்ரலார்ப்பையும் வெள்ளை லெக்ஹார்னையும் கலந்து உருவான கிராமலட்சுமி புறக்கடைக்கென்றே வடித்த பறவை. இத்திட்டங்களின் பயனை மறுப்பதற்கில்லை. ஐந்து கோழி வீட்டில் இருந்தால் நாளும் மூன்று நான்கு முட்டை என்பது சிறு செய்தியன்று. ஆனால் முட்டைக்கென வடித்த இப்பறவைகளை அடைக்கு நம்ப முடியாது. ஒன்றரை ஆண்டு கழித்து முட்டை குறையும்போது வீட்டார் மீண்டும் குஞ்சுக்காகப் பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும்.

விலையின் கதி வேறு. கேரளம் உண்ணும் முட்டையில் பெரும்பங்கு நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிறது. 1982-இல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையே திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவின் விலைக்கும் அடிப்படை. அதுவும் இடைத்தரகரின் ஊகத்துக்கு எதிராக உற்பத்தியாளர் கூடி எழுப்பிய அமைப்பே. அவ்வகையில் மார்த்தாண்டக் கழகத்தின் தொலைவான உறவு. ஆறு கோழிக்காரியோ அதில் உறுப்பினரல்லள். அவளுடைய நாட்டுமுட்டைக்குக் கிடைக்கும் மிகைவிலை, தெரிந்த வீட்டுக்குத் தெரிந்தவள் தருகிறாள் என்ற நம்பிக்கையின் மேல் மட்டுமே நிற்கிறது. ஒளிப்பெட்டியும் முத்திரையும் கொண்ட சிறு கழகம் ஒன்று அவளுக்கு இன்று இல்லை. 2023 சனவரியில் சிறையின்கீழை அடுத்த அழூரில் பறவைக்காய்ச்சல் கண்டபோது சுற்றுவட்டார வீட்டுக்கோழிகளும் வாத்துகளும் கொன்றொழிக்கப்பட்டன. அப்படி ஒழிந்த கூட்டம் தன்னுள்ளிருந்து மீண்டு எழ, அடையில் உட்காரும் பெட்டை ஒன்றாவது அண்டை ஊரில் எஞ்சியிருக்க வேண்டும்.

இந்நிலத்துக்கே உரிய பறவை ஒன்று அதற்குள் வேறு வழியில் பயணப்பட்டுவிட்டது. கழுத்தில் இறகில்லாத கோழிக்குத் தாயகமாகத் திருவனந்தபுர வட்டாரத்தைக் கோழியியல் நூல்கள் குறிக்கின்றன. அந்த மரபணு உடலின் இறகுப் போர்வையையும் கணிசமாகக் குறைப்பதால் பறவை வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். ஈரமும் புழுக்கமும் நிறைந்த இக்கடற்கரைக்கு இது பொருந்திய அமைப்பு. பார்க்க அழகில்லை என்பதால் பரிசுக்கோழிப் பட்டியலில் அது ஏறியிருக்க வாய்ப்பில்லை. பின்னாளில் உத்தரப் பிரதேசத்து இசத்நகரிலுள்ள மத்தியப் பறவையியல் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வினத்தைத் தன் சிவப்புக் கோழியோடு கலந்து ஹித்காரி என்ற புறக்கடை இனத்தை வெளியிட்டது.

கேரளத்துக்குள்ளேயே அடைக்கோழிக்கு இன்னும் தேவை நீடிக்கும் இடமும் உண்டு. குட்டநாட்டில் முட்டைக்காக வளரும் வாத்துகளும் அடை உட்காருவதில் அக்கறை காட்டுவதில்லை. அங்கே வாத்து முட்டைகளை நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் பரம்பரையாக இருந்துவருகிறது. வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். தன் இயல்புக்குரிய 21 நாள் முடிந்த பின்னும் அந்தக் கோழி எழுந்துவிடுவதில்லை, மேலும் ஏழு நாள் உட்கார்ந்திருக்கிறது.